நாய்ப் போசியில் தண்ணீர்: உலர் தீனியை நனைத்துப் போடும் முறை

எங்கள் அப்பாரு காலத்தில் தோட்டத்து நாய்க்கென்று கடையில் எதுவும் வாங்கியதில்லை. காலையில் கரைத்த கம்மஞ்சோறு, பொழுதோட, அதாவது சாயங்காலம், வீட்டில் மிஞ்சிய அரிசியும்பருப்புச் சோறு, இல்லையென்றால் தண்ணீர் விட்டுப் பிசைந்த ராகிக்களி. எதைப் போட்டாலும் போசியில், அதாவது நாயின் சாப்பாட்டுப் பாத்திரத்தில், தளதளவென்றுதான் கிடக்கும், நாய் பாதியை நக்கிக் குடிக்கும், மீதியைத் தின்னும். சத்துக் கணக்குப் பார்த்தால் அந்தத் தீனி போதாதுதான், புரதம் குறைவு, அரிசியும்பருப்பில் கிடந்த சின்ன வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகவே ஆகாது. ஆனாலும் ஒன்று மட்டும் அதில் தானாக நடந்தது. வெந்த சோற்றில் பத்தில் ஏழு பங்கு தண்ணீர், கரைத்த களியில் அதைவிடக் கூட, ஆக நாய் தின்னும்போதே அதன் வயிற்றுக்குள் தண்ணீரும் போய்விடும்.

இப்போது காங்கேயம் பக்கம் சின்ன மளிகைக் கடையில்கூட நாய்த் தீனி பாக்கெட் தொங்குகிறது. எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ஊருக்குள் அதற்குப் பேர் பெடிகிரிதான். நல்ல தீனியாகப் பார்த்து வாங்கினால் நாய்க்கு வேண்டிய புரதம், கொழுப்பு, சுண்ணாம்புச் சத்து எல்லாம் அளவோடு இருக்கும், அதை நிறுத்திவிட்டுப் பழையபடி களிக்குப் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த உருண்டையில் தண்ணீர் நூற்றுக்குப் பத்துப் பங்குதான். சோறு போய் உருண்டை வந்தபோது போசியிலிருந்த தண்ணீரும் சேர்ந்தே போய்விட்டது, அதை நாம் கையால் திருப்பிச் சேர்க்கவேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

எனக்கு இது உறைத்தது மணியால்தான். மணி லேப்ரடாரும் நாட்டு நாயும் கலந்தவன், இருபது கிலோ இருப்பான். ஒரு சித்திரை மாதம் வெளிக்குப் போக முக்கிக்கொண்டே நின்றான், போனதும் கல்லு மாதிரி இருந்தது, மூத்திரம் டீத்தண்ணி நிறத்தில் வந்தது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் முதலில் கேட்டது, “ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்குதுங்க தம்பி?” என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. தொட்டியில் தண்ணீர் எப்போதும் இருக்கிறதுங்க டாக்டர் என்றேன். “இருக்கறது சரிங்க, குடிக்குதான்னு பாருங்க” என்றார். மறுநாள் அளந்து ஊற்றி வைத்துப் பார்த்தால் காலையிலிருந்து ராத்திரி வரை அரை லிட்டர்கூடக் குறையவில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நல்ல ஆரோக்கியமான நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 50 முதல் 60 மில்லி தண்ணீர் வேண்டும், இது குடிக்கிற தண்ணீரும் தின்கிற தீனியில் உள்ள தண்ணீரும் சேர்ந்த கணக்கு. இருபது கிலோ நாய்க்கு 1 லிட்டரிலிருந்து 1.2 லிட்டர். அது 300 கிராம் உலர் தீனி தின்றால் அதிலிருந்து கிடைக்கும் தண்ணீர் வெறும் 30 மில்லி, நாலைந்து வாய் அவ்வளவுதான். மிச்சம் ஒரு லிட்டரையும் அது தொட்டிக்குப் போய்க் குடித்தாகவேண்டும். பல நாய்கள் சரியாகக் குடித்துக்கொள்ளும், அவற்றைப் பற்றிக் கவலையில்லை. சில நாய்கள் குடிக்காது, வயசானதும், சோம்பிக் கிடப்பதும், கட்டிப் போட்டு வைத்திருப்பதும் முக்கியமாக. வெயில் காலத்தில் தேவை இன்னும் ஏறும், ஏனென்றால் நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு இளைத்து இளைத்துத்தான் சூட்டை இறக்கும், ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் போய்க்கொண்டே இருக்கும். ஈரோடு, கரூர் பக்கமெல்லாம் கத்திரி வெயிலில் நூறு டிகிரியைத் தாண்டி நிற்கும்போது வேப்ப மர நிழலில் சும்மா படுத்திருக்கிற நாய்க்கே தண்ணீர் கூடுதலாகத் தேவைப்படும்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

தீனியை நனைப்பதற்கு முன்னால் எந்தத் தண்ணீரில் நனைக்கிறீர்கள் என்று பாருங்கள். கோயமுத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்களுக்கு இந்தப் பத்தி தேவையில்லை. அவிநாசி, திருப்பூர், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் போர்த் தண்ணீர் பல இடங்களில் வாயில் வைக்க முடியாத உப்பு, அதை நாயும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும், வேறு வழியில்லாமல் கொஞ்சமாகக் குடிக்கும். நொய்யல் கரையோரம் சாயக்கழிவு இறங்கிய கிணறுகளின் கதை எல்லாருக்கும் தெரியும், அந்தத் தண்ணீரை மாட்டுக்கே காட்டாதவர்கள் நாய்க்கு மட்டும் ஏன் ஊற்றவேண்டும்? நீங்கள் குடிக்கிற தண்ணீரையே நாய்க்கும் கொடுங்கள். தீனி நனைக்க ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் போதும், அதற்கு ஆற்றுத் தண்ணீர் வருகிற குழாயிலிருந்தோ கேனிலிருந்தோ எடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

நனைக்கும் முறை

தீனியைக் காய்ந்து இருக்கும்போதே அளந்துவிடுங்கள். இதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். உருண்டை ஊறினால் உப்பிவிடும், ஊறியபின் கண்ணளவில் போட்டால் நாய்க்குப் பாதித் தீனிதான் போகும், நாம் நிறையப் போட்டதாக நினைத்துக்கொண்டிருப்போம். பாக்கெட்டில் எடைக்கு எத்தனை கிராம் என்று போட்டிருப்பார்கள், தராசில் ஒரு தடவை நிறுத்து அது உங்கள் வீட்டு டம்ளரில் எவ்வளவு வருகிறது என்று கோடு போட்டு வைத்துக்கொண்டால் அப்புறம் தினமும் நிறுக்கவேண்டியதில்லை.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், விரலை விட்டால் சுடக்கூடாது, நம் உடம்புச் சூடு அளவுக்கு. வெதுவெதுப்பான தண்ணீர் பட்டால் தீனியிலுள்ள கொழுப்பின் வாசம் கிளம்பும், வாசத்துக்குத்தான் நாய் வரும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் சில வைட்டமின்கள் வீணாகும், அவசரத்தில் வாய் வைக்கிற நாய்க்கு நாக்கும் வெந்துபோகும்.

எவ்வளவு ஊற்றுவது என்பது நாயைப் பொறுத்தது. இதுவரை காய்ந்த தீனியாகவே தின்ற நாய்க்கு முதல் நாளே கூழாக்கி வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், இல்லை வயிறு இளகும். ஒரு டம்ளர் தீனிக்குக் கால் டம்ளர் தண்ணீர் தெளித்து, மேல் மட்டும் பளபளவென்று ஈரமாகியதும் வையுங்கள். ரெண்டு நாள் கழித்து அரை டம்ளர். ஒரு வாரத்தில் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்துவிடலாம். ஒன்றுக்கு ஒன்று ஊற்றி பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டால் உருண்டை நடுவரை ஊறும், கையில் எடுத்து நசுக்கினால் பிசுக்கென்று அமுங்கும், அடியில் கொஞ்சம் சாறு நிற்கும். பச்சைத் தண்ணீர் என்றால் அரை மணி நேரம் ஆகும். உருண்டையின் அளவும் கம்பெனியும் மாறினால் நேரமும் மாறும், ஒரு உருண்டையை நசுக்கிப் பார்ப்பதுதான் சரியான அளவுகோல்.

முழுக்க ஊறிய தீனி பிடிக்காத நாய்களும் உண்டு. மொறுமொறுவென்று கடித்தால்தான் திருப்தி அவற்றுக்கு. அப்படிப்பட்ட நாய்க்கு ஊறவிடாதீர்கள், ஊற்றின கையோடு வைத்துவிடுங்கள். உள்ளே மொறுமொறுப்பு இருக்கும், வெளியே சாறு இருக்கும், தண்ணீர் போகவேண்டிய அளவு போய்விடும். நமக்குத் தேவை அதுதானே.

மணிக்கு இப்போது காலையில் 150 கிராம் தீனி, கால் லிட்டர் தண்ணீர், பொழுதோட அதே அளவு. ரெண்டு வேளையிலுமாக அரை லிட்டர் அவன் வாய்க்குத் தீனியோடு போய்விடுகிறது. தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக் குடிக்கிறான், ஆனாலும் மொத்தக் கணக்கில் முன்னைவிடக் கூடத்தான். பத்து நாளில் மூத்திரம் வெளிர் மஞ்சளுக்கு வந்தது, முக்கல் நின்றது.

எவ்வளவு நேரம் வைக்கலாம்

இந்த இடத்தில் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், நனைத்துப் போடுவதில் ஏதாவது ஆபத்து உண்டென்றால் பெரும்பாலும் அது இங்கேதான். காய்ந்த தீனி நாளெல்லாம் தட்டில் கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஏனென்றால் கிருமி வளர ஈரம் வேண்டும், அதில் ஈரமில்லை. தண்ணீர் ஊற்றிய அந்த நிமிஷத்திலிருந்து அது சமைத்த சோறு மாதிரி. இன்னும் சொன்னால் சோற்றைவிட மோசம், அதில் இறைச்சித் தூளும் கொழுப்பும் இருக்கிறது. மாசி பிறந்ததிலிருந்து நம் ஊர் வெக்கைக்கு அரை மணி நேரம் வைக்கலாம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். மார்கழிக் குளிரில் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் போசியில் கிடந்தால் எடுத்துக் குழியில் கொட்டுங்கள், பாவம் வீணாகிறதே என்று மாட்டுத் தொட்டியிலும் போடாதீர்கள், கோழிக்கும் வீசாதீர்கள்.

நனைக்க ஆரம்பித்த புதிதில் நானே இந்தத் தவறைச் செய்தேன். வெடியால நனைத்து வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டேன், மணி பாதி தின்றுவிட்டு மீதியை வைத்திருந்து பதினொரு மணி வெயிலில் வந்து தின்றிருக்கிறான், அன்று ராத்திரி முழுக்க வாந்தியும் கழிச்சலும். தண்ணீர் சேர்க்கப் போய் இருந்த தண்ணீரும் உடம்பை விட்டுப் போனது. அதிலிருந்து நான் வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் நனைத்த தீனி. வெளியே போகவேண்டிய நாளில் காய்ந்த தீனியும் பக்கத்தில் நிறையத் தண்ணீரும் வைத்துவிட்டுப் போகிறேன், பொழுதோட வந்து நனைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

போசியைத் தினமும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவவேண்டும். உள்பக்கம் விரலால் தடவினால் வழவழவென்று ஒரு படலம் தட்டுப்படும், அது வெறும் தண்ணீரில் அலசினால் போகாது. பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து அழுக்குத் தங்கும், எவர்சில்வர் போசி நல்லது. எறும்புத் தொல்லைக்கு எங்கள் வீட்டில் செய்வது, ஒரு அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் போசியை வைப்பது. பால் பாத்திரத்துக்கு அம்மா செய்வது போலத்தான். எறும்பு ஏறாது. போசியைச் சுற்றி எறும்பு மருந்து மட்டும் தூவிவிடாதீர்கள்.

ஈரக் கையோடு தீனி மூட்டைக்குள் கை விடக்கூடாது, ஈர டம்ளரும் கூடாது. நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் இதற்குக் காரணம் சொல்வார்கள். மக்காச்சோளத்தில் ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும், அது அஃப்ளடாக்ஸின் என்ற விஷத்தை உண்டாக்கும், கோழி ஈரல் கெட்டுச் சாகும். கடலைப் புண்ணாக்கிலும் அதே கதை. பல நாய்த் தீனிகளிலும் மக்காச்சோளம் இருக்கிறது, அதே விஷம் நாயின் ஈரலையும் கெடுத்துக் கொன்றுவிடும், வேகவைத்தாலும் சுடுதண்ணீர் ஊற்றினாலும் அது போகாது. மூட்டையை அதன் பையோடு இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், மழைக்காலத்தில் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். பூசண வாடை அடித்தால் யோசிக்காமல் முழு மூட்டையையும் கொட்டிவிடுங்கள்.

தண்ணீருக்குப் பதிலாக எதை ஊற்றலாம்

வெறும் தண்ணீரே போதும், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ருசி கூட்டவேண்டிய நாய்க்குத்தான் மற்றதெல்லாம்.

நம் ஊரில் சுலபமாகச் செய்யக்கூடியது கோழிக்கால் சாறு. கறிக்கடையில் கோழிக்காலும் கழுத்தும் மலிவாகக் கிடைக்கும், அரைக் கிலோ வாங்கி நன்றாகக் கழுவி இரண்டு லிட்டர் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஏழெட்டு விசில் விடுங்கள். உப்பு வேண்டாம், மிளகு வேண்டாம், எதுவும் தாளிக்கவேண்டாம். வடிகட்டி எலும்பு முழுவதையும் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடையும், தொண்டையிலோ குடலிலோ குத்தினால் ஆபரேஷன் வரை போகும், “நாய்க்கு எலும்பு போடாம இருக்கலாமா” என்று பெரியவர்கள் கேட்பார்கள், வேகவைத்த எலும்பை மட்டும் போடாதீர்கள் என்று பொறுமையாகச் சொல்லிவிடுங்கள். சாறு ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே கொழுப்பு ஆடையாகக் கட்டும், அதை வழித்து எடுத்துவிடுங்கள். கொழுப்பு அதிகம் போனால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கிவிடும், வலியில் முதுகை வளைத்துக்கொண்டு வாந்தி எடுக்கும். கொழுப்பு எடுத்த சாறு ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும், ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்தால் தினம் ரெண்டு கட்டி எடுத்து வெந்நீரில் கரைத்துக்கொள்ளலாம். நான் மணிக்கு ரெண்டு கட்டியும் மிச்சம் தண்ணீருமாகத்தான் ஊற்றுகிறேன்.

பவானிசாகர், மேட்டூர் அணை மீன் கிடைக்கும் பக்கம் இருப்பவர்கள் ஜிலேபி மீனை வேகவைத்த தண்ணீரையும் இப்படியே ஊற்றலாம், முள்ளை ஒன்று விடாமல் எடுத்துவிட்டு.

வீட்டுக்கு வைத்த கறிக்குழம்பையோ எலும்புச் சாற்றையோ ஊற்றக்கூடாது. நம் சமையலில் சின்ன வெங்காயம் இல்லாமல் எதுவும் தொடங்குவதில்லை, கொங்கு நாட்டுக் குழம்பென்றால் இன்னும் ஒரு கை கூடுதலாகவே போடுவோம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு நாள் கொஞ்சம் தின்றால் உடனே வெளியே தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனால் ஈறு வெளுத்து, நாய் சோர்ந்து, மூத்திரம் சிவந்துவரும்போதுதான் தெரியும். வதக்கினாலும் அரைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. வெங்காயத்தை எடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் ஊற்றினேன் என்பார்கள், சாற்றிலேயே இறங்கிவிட்டதே. ஆகவே சாம்பார், ரசம், கடையில் விற்கிற சூப் கட்டி எதுவும் வேண்டாம். வீட்டில் கறி எடுக்கிற நாளில் நாய்க்குச் சாறு வேண்டுமென்றால் தாளிக்கிறதுக்கு முன்னால் கறியை வெறும் தண்ணீரில் வேகவைக்கும்போதே ஒரு கரண்டி தனியாக எடுத்து வைத்துவிடலாம்.

பால் பற்றிக் கேட்பார்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது, கழிச்சல் வரும். உப்புப் போடாத நீர்மோர் கொஞ்சம் ஒத்துப்போகும், புளித்ததாக இல்லாமல், நாலைந்து ஸ்பூன். பொள்ளாச்சிப் பக்கம் இளநீருக்குப் பஞ்சமில்லை, நல்ல ஆரோக்கியமான நாய்க்கு எப்போதாவது கால் டம்ளர் ஊற்றினால் தப்பில்லை, ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சிறுநீரகம் கெட்ட நாய்க்குக் காட்டவே கூடாது.

காய்களில் வெள்ளரிக்காய் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர்தான், பொடியாக நறுக்கித் தீனியோடு கலந்துவிடலாம். சுரைக்காயையும் பூசணியையும் உப்பில்லாமல் வேகவைத்து மசித்துப் போட்டால் மலச்சிக்கலுக்கும் நல்லது. சுரைக்காயில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள், கசந்தால் நாய்க்கும் வேண்டாம், நமக்கும் வேண்டாம். தர்பூசணி கொடுத்தால் விதையும் தோலும் இல்லாமல். திராட்சை மட்டும், காய்ந்ததானாலும் பச்சையானாலும், ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள், நாயின் சிறுநீரகத்தை அது நிறுத்திவிடக்கூடும்.

குட்டிக்கும் கிழட்டு நாய்க்கும்

குட்டிகளுக்கு மூன்று நாலு வாரத்தில் தாய்ப்பாலோடு சேர்த்துத் தீனி பழக்க ஆரம்பிப்போம். குட்டித் தீனியை ஒரு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கையால் மசித்துக் கூழாக, தாழ்வான தட்டில் வையுங்கள். முதல் ரெண்டு நாள் தின்பதைவிட மிதிப்பதுதான் அதிகமாக இருக்கும், மூக்கில் அப்பிக்கொள்ளும், துடைத்துவிட்டுத் தாயிடம் விட்டுவிடுங்கள். வாரம் ஆக ஆகத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஏழெட்டு வாரத்தில் கடித்துத் தின்னப் பழகிவிடும்.

வயசான நாய்க்கு இது பெரிய உபகாரம். பல் ஆடுகிறது, ஈறு வலிக்கிறது, உருண்டையை வாயில் எடுத்துவிட்டுத் துப்புகிறது, நாம் “பசியில்லை போல” என்று விட்டுவிடுகிறோம். நன்றாக ஊறவைத்து மசித்துக் கொடுத்தால் அதே நாய் தட்டை நக்கிவிடும். மூக்கும் மங்கியிருக்கும், ஆகவே வெதுவெதுப்பு முக்கியம். ஆனால் பல் வலிக்கு மருத்துவரையும் பார்க்கவேண்டும், தின்ன ஆரம்பித்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு, மூத்திரத்தில் கல் வந்த நாய்களுக்கு எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது, மூத்திரம் நீர்த்துப்போனால் கல் சேர்வது குறையும். அவற்றுக்குத் தீனியே வேறாக எழுதிக் கொடுத்திருப்பார்கள், அந்தத் தீனியையே நனைத்துக் கொடுங்கள், சாறு ஊற்றலாமா என்று கேட்டுவிட்டு ஊற்றுங்கள்.

காய்ந்த உருண்டையைக் கடித்தால் பல் சுத்தமாகும் என்பார்கள், அதனால் கிடைக்கும் சுத்தம் சொற்பம்தான். நனைத்த தீனி பல் இடுக்கில் கொஞ்சம் ஒட்டும், அதற்கு வாரம் நாலு நாளாவது பல் தேய்த்துவிடுங்கள். நாய்க்கென்று விற்கிற பேஸ்ட் வாங்குங்கள், நம்முடையது வேண்டாம், நாய் துப்பாது, விழுங்கிவிடும்.

ஆழமான நெஞ்சுள்ள நாய் வைத்திருந்தால்

சிப்பிப்பாறை, கன்னி, அல்சேஷன், கிரேட் டேன் மாதிரி நெஞ்சு ஆழமாக இறங்கிய பெரிய நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பித் திருகிக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. சிட்ரிக் ஆசிட் சேர்த்துக் கெடாமல் வைத்த உலர் தீனியை நனைத்துக் கொடுத்த பெரிய நாய்களுக்கு இந்த ஆபத்து கூடியிருந்ததை அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தார் முன்பு நடத்திய ஆய்வில் கண்டார்கள். ஆகவே இந்த வகை நாய் வைத்திருப்பவர்கள் பாக்கெட்டின் பின்பக்கம் படித்து சிட்ரிக் ஆசிட் இல்லாத தீனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே வேளையில் மலை போல் கொட்டாமல் ரெண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள், தின்ற பிறகு ஒரு மணி நேரம் ஓட விடாதீர்கள். விழுங்குகிற வேகத்தைக் குறைக்கப் போசி நடுவில் ஒரு பெரிய வழுவழுப்பான கல்லைக் கழுவி வைக்கலாம், வாய்க்குள் போகாத அளவில். வயிறு பலூன் மாதிரி உப்பி, வாந்திக்கு முயன்று எதுவும் வராமல், நிலைகொள்ளாமல் நடந்தால் விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம், அந்த நிமிஷமே வண்டியை எடுங்கள், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

போதுமான தண்ணீர் போகிறதா என்று பார்க்க

தோள்பட்டைக்கு மேல் தோலை இரண்டு விரலால் தூக்கி விடுங்கள், உடனே படிந்தால் சரி, கூடாரம் மாதிரி மெதுவாக இறங்கினால் தண்ணீர் போதவில்லை. கிழட்டு நாய்க்குத் தோல் தளர்ந்திருப்பதால் இது மட்டும் போதாது, உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக வழுக்கவேண்டும், பசை மாதிரி விரலில் ஒட்டினால் குறைவு. ஈறை அழுத்தி விட்டால் வெளுத்து இரண்டு நொடிக்குள் திரும்பச் சிவக்கவேண்டும். கண் உள்ளே போய், ஈறு காய்ந்து, நாய் எழாமல் கிடந்தால் நனைத்த தீனியால் சரியாகிற கட்டத்தை அது தாண்டிவிட்டது, டிரிப் ஏற்றவேண்டியிருக்கும்.

இதற்கு நேர்மாறாக, நீங்கள் எதையும் மாற்றாமலே நாய் திடீரென்று தொட்டி தொட்டியாகக் குடிக்க ஆரம்பித்தால் அதையும் காட்டுங்கள். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, பெட்டை நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ், இவையெல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும். பக்கத்து மருந்தகத்தில் பரிசோதனை வசதி இல்லாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம்.

தீனியில் எவ்வளவு ஊற்றினாலும் குடிதண்ணீரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். வாசலில் ஒன்று, கட்டுத்தரைப் பக்கம் நிழலில் ஒன்று என்று ரெண்டு இடத்தில் வையுங்கள், மண்சட்டியில் ஊற்றினால் கத்திரியிலும் குளுகுளுவென்று இருக்கும். ஆடிக்காற்று அடிக்கிற மாதங்களில் உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் மத்தியானத்துக்குள் தண்ணீர் மேல் புழுதி ஆடையாகப் படிந்துவிடும், நாய் மூக்கை வைத்துவிட்டுத் திரும்பிப் போகும், நாம் தண்ணீர்தான் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருப்போம். அந்த மாதங்களில் காலை, மத்தியானம், பொழுதோட என்று மூன்று தடவை கொட்டிவிட்டு மாற்றுங்கள், கொட்டுகிற தண்ணீரை வாசல் முருங்கைக்கு ஊற்றிவிடலாம்.